கரு கதைக்குள் எங்கே இருக்கிறது?

சிலப்பதிகாரத்தின் பதிகம், இன்றைய எழுத்தாளர்கள் செய்யத் தயங்குகிற ஒரு காரியத்தைச் செய்கிறது. கதை ஆரம்பிப்பதற்கு முன்பே, இது எதைச் சொல்லப்போகிறது என்று மூன்றே வரியில் போட்டு உடைத்துவிடுகிறது:

அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்
உரைசால் பத்தினிக்கு உயர்ந்தோர் ஏத்தலும்
ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதூஉம்

ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமனாகும். புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தவர்களும் போற்றுவார்கள். முன்பு செய்த வினை தேடிவந்து தன் பலனைக் கொடுக்கும். சரி, இவ்வளவுதான் விஷயம் என்றால் இதோடு நிறுத்தியிருக்கலாமே, பிறகு எதற்கு 3 காண்டங்கள், 30 காதைகள்? இந்த மூன்று வரிகளைப் படித்து யாரும் அழுததில்லை. தலைவிரிகோலமாகக் கையில் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி அரண்மனை வாசலில் வந்து நிற்கும்போதுதான் நமக்கு ஏதோ ஆகிறது. சொல்லவந்த கருத்து ஒன்று, அதைச் சொல்லும் கதை ஒன்று என்று இரண்டு இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் கதையை எடுத்துவிட்டால் கருத்து சோகையாகிவிடுகிறது. இந்த உறவைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்வோம். யார் என்ன செய்தார், அடுத்து என்ன ஆனது, அதை எந்த வரிசையில், யார் கண் வழியாக நமக்குச் சொல்கிறார்கள், இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கதையோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டம் எந்தக் கேள்வியை அல்லது எந்த எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறதோ அது கரு. சினிமாக்காரர்கள் தீம் என்று சொல்வது இதைத்தான். விமர்சகர்கள் கதையோட்டத்தையே மேலும் பிரித்து, நடந்தவை வேறு, அவற்றைக் கோத்த விதம் வேறு, சொல்லும் குரல் வேறு என்பார்கள். ஆரம்பத்தில் அந்த நுணுக்கம் இல்லாமலே சமாளிக்கலாம்.

'இந்தக் கதை காதலைப் பற்றியது' என்று ஒருவர் சொன்னால் அவர் இன்னும் கருவைத் தொடவில்லை. காதல் என்பது கதை நிற்கிற களம், அவ்வளவே. போர், துரோகம், முதுமை, பேராசை எல்லாமே அப்படித்தான். ஒரே களத்தில் ஆயிரம் கதைகள் எழுதலாம். அந்த ஆயிரமும் ஒன்றோடொன்று சண்டை போடலாம். காதலுக்காக எதையும் இழக்கலாம் என்று ஒரு கதை சொல்லும். காதல் என்ற பெயரில் ஒரு மனிதர் இன்னொருவரை எவ்வளவு தூரம் விழுங்க முடியும் என்று இன்னொரு கதை கேட்கும். இந்த இடத்துக்கு வந்தால்தான் கரு கையில் அகப்படுகிறது. நீங்கள் சொன்னதைக் கேட்டு எதிரில் இருப்பவர் 'அப்படி இல்லையே' என்று வாதாட முடிகிறதா என்று பாருங்கள். 'காதல்' என்ற ஒற்றைச் சொல்லோடு யாரும் வாதாட முடியாது.

கருவை நீதியோடும் குழப்பிக்கொள்கிறோம். சின்ன வயதில் கேட்ட கதைகளின் பழக்கதோஷம் இது. கதை முடிந்ததும் 'இதனால் அறியப்படும் நீதி என்னவென்றால்' என்று ஒரு வரி வரும். ஆமையும் முயலும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானம் வெல்லும் என்பது அதற்கு ஒட்டப்பட்ட நீதி. கதையை மட்டும் பார்த்தால் அது வேறெதையோ சொல்கிறது. முயல் தூங்காமல் இருந்திருந்தால் ஆமை தோற்றிருக்கும். அப்படியானால், எதிராளி தூங்கினால் மட்டுமே நிதானம் வெல்லும்! ஆமையின் நிதானத்தைவிட முயலின் தற்பெருமைதான் அந்தக் கதையை நடத்துகிறது. ஒட்டிய நீதி ஒரு பக்கமும் கதையோட்டம் இன்னொரு பக்கமும் இழுத்தால், வாசகர் மனசு கதையோட்டத்தின் பக்கம்தான் போகும்.

நடந்ததும், ஏன் நடந்தது என்பதும்

இ.எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில நாவலாசிரியர் 1927இல் நாவல் கலை பற்றி ஆற்றிய உரைகளில் ஒரு சின்ன உதாரணம் கொடுத்தார். 'ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தாள்' என்பது வெறும் கதை. 'ராஜா இறந்தார், அந்தத் துக்கத்தில் ராணியும் இறந்தாள்' என்பது கதைப்பின்னல் என்றார். முதலாவதில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. இரண்டாவதில் ஒன்றனால் இன்னொன்று நடக்கிறது. இலக்கிய வகுப்புகளில் தேய்ந்துபோன உதாரணம்தான். ஆனால் நம் விஷயத்துக்கு அது வேறு விதத்தில் பயன்படும். 'அந்தத் துக்கத்தில்' என்ற இரண்டு சொற்கள் வந்த மாத்திரத்தில் கருவும் உள்ளே வந்துவிட்டது. அன்பு ஒரு உயிரை இன்னொரு உயிரோடு எவ்வளவு இறுகக் கட்டுகிறது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

அதை இன்னும் கொஞ்சம் திருகிப் பார்ப்போம். 'ராஜா இறந்தார், அந்தத் துக்கத்தில் ராணியும் இறந்துவிட்டாள் என்று மந்திரி அறிவித்தார்.' நடந்தவை அதே இரண்டு மரணங்கள். அறிவிப்பவன் ஒருவன் நடுவில் வந்ததும் அன்பு பின்னால் போய்விட்டது. அதிகாரத்தில் இருப்பவன் சொல்வதுதான் வரலாறாகிறதா என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கேள்வியை நான் எங்கும் எழுதவில்லை. யார் சொல்கிறார் என்பதை மட்டும்தான் மாற்றினேன்.

ஒரு நிகழ்ச்சிக்குக் கதை என்ன காரணம் காட்டுகிறது, அந்தக் காரணத்தை யார் வாயால் சொல்கிறது, அதை எப்போது சொல்கிறது: கருவில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்மானமாகிவிடும் என்பது என் எண்ணம். பாண்டியன் கதையில் இது துல்லியமாகத் தெரிகிறது.

அரசியல் பிழைத்தவனுக்கு அறம் எமனாகும் என்ற கருத்தை நிரூபிக்க எளிதான வழி, பாண்டியனைக் கொடுங்கோலனாகக் காட்டுவது. மக்களைக் கசக்கிப் பிழிபவன், அப்பாவிகளைக் கொல்பவன், கடைசியில் அழிந்தான். சுலபம். சிலம்பு அந்த வழியில் போகவில்லை. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் அரசனைப் பார்க்கும் நேரத்தைக் கவனியுங்கள். ஆடல் பாடலில் அரசன் மனம் லயித்துவிட்டதாக அரசிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அவசர அவசரமாக அந்தப்புரம் நோக்கிப் போகிறான். வழியில் பொற்கொல்லன் விழுந்து வணங்கி, சிலம்பு திருடியவன் அகப்பட்டுவிட்டான் என்கிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்று சொல்லிவிட்டு அரசன் போகிறான். விசாரணை இல்லை, யோசிக்க ஒரு கணமும் இல்லை. கோபித்துக்கொண்ட மனைவியிடம் போகும் கணவனின் அவசரம் அது.

இந்த ஒரு முடிவால் பதிகத்தின் முதல் வரி கனத்துவிடுகிறது. கெட்டவன் அழிவான் என்பது நம்மைத் தொடாது. நாம் யாரும் நம்மைக் கெட்டவராக நினைப்பதில்லை. கவனக்குறைவாக விட்ட ஒரு வார்த்தை ஒருவனைக் கொல்லும், அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது நம்மையும் தொடும். பிறகு வழக்குரை காதையில் என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். அவள் உடைக்கிறாள், மணி தெறித்து அவன் வாயருகே விழுகிறது. அவன் ஒரு வாதமும் செய்யவில்லை, யாரையும் பழிக்கவில்லை. 'யானோ அரசன், யானே கள்வன்' என்று சொல்லி விழுந்து உயிரை விடுகிறான். தண்டனை கொடுக்க வெளியிலிருந்து யாரும் வரவில்லை. 'அறங்கூற்று ஆவது' என்று பதிகம் சொன்னது, ஒரு மனிதனின் மனசாட்சி அவன் மூச்சை நிறுத்துவதாக இங்கே நடக்கிறது. பதிக வரியில் இது இல்லை. கதையோட்டம் கொண்டுவந்து சேர்த்தது.

வரிசையும் கருவை மாற்றும். கோவலனின் முற்பிறப்புக் கதை நூலுக்குள் விரிவாக வருவது, மதுரை எரிந்தபிறகு, கட்டுரை காதையில். முற்பிறப்பில் அவன் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொலைசெய்ய வைத்தான்; சங்கமனின் மனைவி இட்ட சாபம்தான் இப்போது பலித்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. பதிகத்திலேயே இதற்கு ஒரு கோடி காட்டப்பட்டிருந்தாலும், காதைகளுக்குள் நாம் கோவலனோடு நடக்கும்போது இந்தப் பழங்கதை நம் கையில் இல்லை. புகார்க் காண்டத்திலேயே இதை விரிவாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகும்போது, 'போ, உனக்கு வேண்டியதுதான்' என்று நினைத்திருப்போம். அரசன்மேல் கோபம் வந்திருக்காது. ஊழ்வினை ஒன்றே நூலின் கருவாகியிருக்கும், அரசியல் பிழை உதிர்ந்து போயிருக்கும். பின்னால் வைத்ததால் இரண்டும் மோதுகின்றன. வினைதான் கொன்றது என்றால் அரசன் எப்படிக் குற்றவாளி ஆவான்? அரசன்தான் குற்றவாளி என்றால் ஊழ் எங்கே வந்தது? நூல் இதற்குத் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. நல்ல கரு பெரும்பாலும் இப்படித்தான், பதிலாக முடியாமல் கேள்வியாகவே மிஞ்சும்.

ஒரு நோட்டு, மூன்று கதைகள்

இதெல்லாம் பெரிய காப்பியத்துக்குத்தான் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சின்னக் கதையைக் கட்டிப் பார்ப்போம்.

ஒரு தந்தை இறந்துபோகிறார். சில வாரங்கள் கழித்து இளைய மகன் அவருடைய அலமாரியை ஒழுங்குபடுத்துகிறான். பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைக்கிறது. மூத்தவன் பல வருடங்களாக அப்பாவிடம் வாங்கிய கடன்கள் அதில் தேதிவாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தொகையின் மேலும் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'தீர்ந்தது'. அண்ணன் எதையும் திருப்பித் தரவில்லை என்று தம்பிக்குத் தெரியும். தம்பி ஒருமுறை மேற்படிப்புக்குப் பணம் கேட்டபோது 'கையில இல்லப்பா' என்று அப்பா சொல்லியிருந்தார். மறுநாள் வீட்டைப் பங்கு பிரிப்பது பற்றிப் பேச அண்ணன் வருகிறான்.

நிகழ்ச்சிகள் இவ்வளவுதான். இதன் கரு என்ன? இப்போதைக்கு ஒன்றும் இல்லை. பொருள்கள் தயாராக இருக்கின்றன, கதை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

தம்பியின் கண் வழியாக, அலமாரி திறக்கும் இடத்திலிருந்து தொடங்கினால், குறுக்குக் கோட்டைப் பார்த்த அடுத்த வரியிலேயே 'கையில இல்லப்பா' என்ற பழைய பதில் அவனுக்கு ஞாபகம் வரும். அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தவுடன், பெற்றவர்களின் அன்பு பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்காவதில்லை என்ற வலிதான் கருவாக எழும். இதே கதையை அப்பா உயிரோடு இருந்த காலத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு கோடும் போடப்பட்ட இரவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்? மூத்தவனின் தொழில் நொடித்த இரவு ஒன்று. தான் விட்டுக்கொடுத்ததை யாருக்கும் தெரியாமல் நோட்டில் மட்டும் எழுதிவைக்கும் மனிதர் இவர். இங்கே கதை மன்னிப்பைப் பற்றியதாகிவிடுகிறது; வெளியே சொல்லாத மன்னிப்பு மன்னிப்பாகுமா என்று கேட்கிறது. மூன்றாவது வழி, அண்ணனோடு வருவது. அவனுக்கு நோட்டைப் பற்றியும் தெரியாது, கோடுகளைப் பற்றியும் தெரியாது. கடனை அடைக்கப் பணம் சேர்த்துக்கொண்டு வருகிறான், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கொடுத்தவர் கணக்கை முடித்துவிட்டாலும் வாங்கியவனுக்கு அது முடியுமா?

எந்த இடத்திலும் நிகழ்ச்சிகளை மாற்றவில்லை. எங்கே தொடங்குகிறோம், யாரோடு நடக்கிறோம், எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதை மட்டும் மாற்றினோம். அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) இந்தச் சாத்தியத்தையே படத்தின் வடிவமாக்கிக்கொண்டது. ஒரு மரணம், அதைப் பற்றி ஒன்றுக்கொன்று பொருந்தாத வாக்குமூலங்கள். உண்மையை மனிதர்கள் தங்களுக்கு ஏற்றபடி வளைக்கிறார்கள் என்று யாரும் வந்து விளக்க வேண்டிய தேவையே அங்கே இல்லை.

அப்புறம் முடிவு. தம்பி நோட்டை அண்ணனிடம் காட்டலாம், எரித்துவிடலாம், ஒன்றும் சொல்லாமல் தன் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். பாத்திரம் என்ன பேசுகிறது என்பதைவிட, நெருக்கடியில் எதைத் தேர்ந்தெடுக்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்பதில்தான் கரு தெரியும். விலை முக்கியம். தம்பி வசதியானவனாக இருந்தால், நோட்டை மறைப்பதில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பெருந்தன்மை வாசகரை அசைக்காது. பணம் இல்லாமல் படிப்பை விட்டவன், இன்றும் அதன் பலனை அனுபவிப்பவன் என்றால், அதே செயல் வேறு எடை பெறுகிறது.

ஆரம்ப எழுத்தாளர்கள் இந்த இடத்தில் பொறுமை இழந்து, கருவைப் பாத்திரத்தின் வாயில் திணித்துவிடுவார்கள். இப்படி:

"அண்ணே, அப்பா உங்களை எவ்வளவு நேசிச்சார்னு இந்த நோட்டைப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது. பணத்தைவிட பாசம்தான் பெருசுன்னு அவர் நமக்குச் சொல்லிட்டுப் போயிருக்கார்."

இது மேடைப் பேச்சு. அப்பாவை இழந்த எவனும், பங்கு பிரிக்க வந்த அண்ணனிடம், இப்படி முழு வாக்கியத்தில் தத்துவம் பேசமாட்டான். அதே காட்சியை வேறு மாதிரி எழுதிப் பார்ப்போம்:

அண்ணன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தான். "அப்பாவுக்குத் தரவேண்டியது. கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தேன். மொத்தம் எவ்வளவுன்னு சரியா ஞாபகம் இல்ல. எங்கயாவது எழுதி வச்சிருப்பார், பாரேன்."

நோட்டு தம்பியின் முழங்கைக்குக் கீழே, செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது.

"தேடிட்டேண்ணே. ஒண்ணும் கிடைக்கல."

அண்ணன் கவரைத் திரும்ப எடுக்கவில்லை. "அப்ப நீயே வச்சுக்கோ. படிப்புக்குன்னு அன்னிக்குக் கேட்டியே."

பாசம் என்ற சொல் இல்லை, மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. தம்பி ஏன் பொய் சொன்னான்? அண்ணன் குற்றவுணர்ச்சியில் உடைந்துவிடக்கூடாது என்றா, இல்லை, கடன் தீர்ந்த நிம்மதி அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்றா? இரண்டுமேகூட இருக்கலாம். அண்ணனின் கடைசி வரி அதைவிட மோசம். தம்பி பணம் கேட்டதும் கிடைக்காமல் போனதும் இத்தனை வருடமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது! பெயர் சொல்லாமலே கரு காட்சிக்குள் உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் கருவைப் பேசவே கூடாது என்று ஒரு விதி இருப்பதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 'யானே கள்வன்' என்று பாண்டியன் சொல்லத்தான் செய்கிறான். ஆனால் அதைச் சொன்ன மூச்சிலேயே உயிரை விடுகிறான். அவ்வளவு விலை கொடுக்கத் தயாரான பாத்திரம் என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

கதையை எங்கே நிறுத்துகிறோம்?

முடிவுப்புள்ளியை நகர்த்தினால் கரு தலைகீழாகும் என்பதற்குப் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கல்லாகக் கிடந்த அகலிகை ராமனின் பாதத் துகள் பட்டுப் பெண்ணாக எழுகிறாள். கம்பனைக் கேட்டு வளர்ந்த நமக்கு அகலிகை கதை அங்கே முடிகிறது, அது கருணையின் கதை. புதுமைப்பித்தன் அந்தப் புள்ளியில் தொடங்குகிறார். எழுந்தபிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? கௌதமர் மன்னித்துவிட்டார், ராமன் மன்னித்துவிட்டான். மற்றவர்களின் பார்வையும் அவளுடைய சொந்த மனசும் மன்னித்தனவா? வருடங்கள் கழித்து, அயோத்திக்குத் திரும்பிய சீதை வந்து, தன்னை ராமன் தீக்குளிக்க வைத்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்டவனே இப்படிக் கேட்டானா என்ற அதிர்ச்சியில் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள்.

பழைய கதையிலிருந்து புதுமைப்பித்தன் ஒரு நிகழ்ச்சியையும் நீக்கவில்லை. சாபம் இருக்கிறது, விமோசனம் இருக்கிறது, அக்கினிப் பிரவேசமும் ராமாயணத்தில் உள்ளதுதான். தூரத்தில் தனித்தனியாகக் கிடந்த இரண்டு நிகழ்ச்சிகளை, ஒருத்தி சொல்ல மற்றவள் கேட்கும்படி, ஒரு கூடத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார். பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதியா என்ற கேள்வி அந்தச் சந்திப்பில் பற்றிக்கொள்கிறது. ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதி இதைச் சொல்லியிருந்தால் மறுப்புக் கட்டுரை எழுதிவிடலாம். மறுபடியும் கல்லான பெண்ணுக்கு என்ன மறுப்பு எழுதுவது?

எழுதும்போது எது முதலில்?

எழுத ஆரம்பிப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கருவை முடிவுசெய்துவிட்டு அதற்குக் கதை தேடுவதா, கதையை எழுதிவிட்டுக் கருவைக் கண்டுபிடிப்பதா? நாடகம் எழுதக் கற்றுக்கொடுத்த லாயோஷ் எக்ரி, 1946இல் வெளியான தன் நூலில் முதல் கட்சியை அடித்துப் பேசுகிறார். தெளிவான ஒரு வாக்கியம் கையில் இல்லாமல் நாடகம் எழுத உட்காராதே என்பது அவர் வாதம். இரக்கமற்ற பேராசை தன்னையே அழித்துக்கொள்ளும் என்பது 'மக்பெத்' நாடகத்துக்கு அவர் கொடுத்த வாக்கியம்.

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. வாக்கியத்தோடு தொடங்கினால் கதை சிதறாது, உண்மை. ஆனால் அனுபவமில்லாத கையில் அந்த வாக்கியம் அதிகாரியாகிவிடுகிறது. பாத்திரங்கள் அதை நிரூபிக்க வந்த சாட்சிகளாகிவிடுவார்கள். நல்லவர் நல்லவராகவே, கெட்டவர் கெட்டவராகவே கடைசிவரை வருவார்கள். முடிவு மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். முதல் வரைவில் ஒரு மனிதரையும் ஒரு நெருக்கடியையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதிப் போவது நல்லது. முடித்த பிறகு எழுதியதை ஒரு வாசகரைப்போலப் படியுங்கள். முக்கியப் பாத்திரம் எந்த இடத்தில் அதிக விலை கொடுக்கிறது? எந்தப் பொருள், எந்தச் சொல் உங்களை அறியாமலே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது? எந்தக் காட்சியை எழுதும்போது கை தயங்கியது? கரு அங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டாம் வரைவில்தான் அதற்கு வேலை. எக்ரியின் வாக்கியத்தை அப்போது எழுதி ஒட்டிக்கொண்டு, அதற்குச் சம்பந்தமில்லாத காட்சியை வெட்டலாம், மங்கலாக இருப்பதை ஊன்றலாம்.

நோட்டுக் கதையின் முதல் வரைவை எழுதி முடித்து, அதன் கேள்வி 'ஒரு கடன் தீர்ந்தது என்று சொல்லும் உரிமை யாருக்கு?' என்று கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டாம் வரைவில், எப்போதோ செய்த ஒரு சின்ன உதவியை ஒவ்வொரு சந்திப்பிலும் ஞாபகப்படுத்தும் மாமா ஒருவர் கதைக்குள் வரலாம். அவர் கணக்கை ஒருநாளும் முடிப்பதில்லை. அப்பாவின் மௌனத்துக்கு நேர் எதிரான பதில் அவர். கிளைக்கதையின் உண்மையான பயன் இதுதான்: மையக் கேள்விக்கு இன்னொரு பதிலைக் கொண்டுவருவது. ஆனால் அக்காவும் கடன்காரி, பக்கத்து வீட்டுக்காரரும் கடன்காரர் என்று ஆளாளுக்குக் கடனை ஏற்றினால், வாசகர் கதையை விட்டுவிட்டு எழுதியவரின் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த எதிரொலியைச் சிலம்பு எவ்வளவு நிதானமாகச் செய்கிறது என்பதைப் பாருங்கள். கணவன் விழுந்ததும் பாண்டிமாதேவியும் உயிர் விடுகிறாள். கண்ணகி அப்படிச் செய்யவில்லை. நீதி கேட்டு வந்தாள். யார் உயர்ந்த பத்தினி? இதைச் சேரன் செங்குட்டுவன் தன் தேவியிடம் வாய்விட்டே கேட்கிறான். பாண்டிமாதேவி வானுலகில் சிறப்புப் பெறட்டும், நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்கிறாள் அவள். பதிகத்தின் இரண்டாவது வரியைப் பாத்திரங்களே ஆளுக்கொரு பக்கமாகப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

ஒரு கதைக்கு எத்தனை கரு இருக்கலாம் என்றும் கேட்பார்கள். நாவல் பலவற்றைத் தாங்கும், சிறுகதை பெரும்பாலும் ஒன்றைத்தான் தாங்கும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வாசிக்கும் பக்கத்திலிருந்து

எழுதுபவர் நினைத்த கருவைத்தான் வாசகர் கண்டுபிடிக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. தம்பியின் பொய்யைக் கருணை என்று ஒருவர் வாசிப்பார், பழிவாங்கல் என்று இன்னொருவர் வாசிப்பார். எழுதியவர் எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னாலும் அவர் அங்கே இன்னொரு வாசகர்தான். அதற்காக எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று ஆகிவிடாது. கருணை என்பவர் எதைக் காட்டுவார்? கவரைப் பார்த்த பிறகும் அவன் நோட்டை வெளியே எடுக்கவில்லையே என்பார். பழி என்பவர், 'தீர்ந்தது' என்று அப்பா எழுதியதை அவன் சொல்லியிருக்கலாமே, அதை அண்ணனுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டானே என்பார். இரண்டு பேர் கையிலும் கதையிலிருந்து எடுத்த ஒரு செயல் இருக்கிறது, அதனால் இரண்டும் நிற்கும். மூன்றாவதாக ஒருவர் வந்து, முக்கியமான கணக்குகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கதையின் கரு என்றால், எந்தப் பாத்திரம் அதற்காக எதை இழந்தது என்று கேட்டுப் பாருங்கள்.